குசினி யன்னலால போன கதை

இண்டைக்குப் பகல் கல்லடியில ஒரு வீட்டுக்குள்ள யன்னலால கையை விட்டுக் கதவைத் திறந்து உள்ளுக்குப் போனன்.

வீடு ஆர்ர? எங்கடதான்!

(அப்பிடித்தான் நினைச்சிட்டிருந்தன்.)

எங்கட பக்கத்து வழக்கம் தெரியாத ஆக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். வீடு பொம்பிளப் புள்ளைக்கு. கலியாணத்தோட தங்கச்சிர பேருக்கு வீட்டு உறுதி எழுதியாச்சு, மாப்பிள்ளை வந்து அங்க குடியேறிட்டார். அம்மாவும் அப்பாவும் பின்வளவில சின்னதா ஒரு வீடு கட்டி மாறிட்டாங்க.

எல்லாம் தெரியும். உறுதியில சாட்சிக் கையெழுத்து வச்சதே நான்தான்!

கொழும்பில திடீரெண்டு லீவு கிடைச்சுது. ஆருக்கும் சொல்லாம பஸ் ஏறிட்டன். வந்து பாத்தா வீடு பூட்டு. அம்மாவும் அப்பாவும் வயல் வட்டையில, வேளாண்மை வெட்டு. தங்கச்சி படிப்பிக்கப் போயிட்டா. மச்சானும் வேலைக்குப் போயிருப்பார் எண்டு நினைச்சன்.

குசினி யன்னல் கொக்கி லூஸ். ரெண்டு தரம் ஆட்டினா கழரும். கையை விட்டா பக்கத்துக் கதவுத் தாழ்ப்பாள். பத்து வயசில பழகின வேலை, கை மறக்கல்ல.

குளிச்சன். கொடியில கிடந்த சாரனை எடுத்து உடுத்தன். சட்டியைத் திறந்தா றால் கறி! போட்டுத் திண்டுட்டிருக்கன்.

"ஆர்ரா அது!"

திரும்பினா மச்சான். நைட் டியூட்டி முடிஞ்சு உள்ளுக்குப் படுத்திருந்திருக்கார். கையில கிரிக்கெட் பேட்.

(பேட் என்ட. ஸ்கூல் டீம்ல விளையாடக்குள்ள வாங்கினது!)

"மச்சான், நான்தான்! நான்தான்!"

வாய் நிறையச் சோறு. நான் சொன்னது அவருக்கு விளங்கின மாதிரித் தெரியல்ல. நல்ல காலம், முகம் விளங்கிச்சு.

"ஐயோ மச்சான், நீங்களா! ஒரு சொல் சொல்லிருந்தாக் கதவைத் திறந்து வச்சிருப்பனே. இருங்க, இருங்க. வடிவாப் போட்டுச் சாப்பிடுங்க."

என்னை! நான் திண்டு வளந்த மேசையில!

ஏசியிருந்தாக் கூடப் பரவால்ல. அவ்வளவு மரியாதையா உபசரிச்சார் பாருங்க, அப்பதான் நான் விருந்தாளி எண்டு விளங்கிச்சு.

என்ட ரூமை எட்டிப் பாத்தன். கட்டில் இல்ல. அயர்ன் மேசையும் அவங்கட அலுமாரியும் நிக்குது.

ரெண்டு மணிக்குத் தங்கச்சி வந்தா. கதையைக் கேட்டு வயிறு நோகச் சிரிச்சா. மறுகா குசினிக்குள்ள வந்து மெதுவாச் சொன்னா:

"அண்ணா, இனி வரக்குள்ள போன் கோல் ஒண்டு எடுத்துட்டு வாங்க. அவர் பகல்ல படுக்கிறவர். நானும் சில நேரம் தனியா இருப்பன், பயமா இருக்கும்."

அவ சொன்னதில ஒரு பிழையும் இல்ல. "ஓம்" எண்டன்.

நாலு மணிக்கு மச்சான் ஸ்க்ரூ டிரைவரோட வந்து யன்னல் கொக்கியை இறுக்கினார். ஸ்க்ரூ ஆணியை ஒவ்வொண்டா எடுத்துக் குடுத்தது நான்தான்.

இறுக்கி முடிச்சிட்டு, என்னைப் பாக்காமச் சொன்னார்:

"குறை நினைக்காதீங்க மச்சான். நான் வந்தும் ரெண்டு மாசம்தான். இன்னும் மாமிட்டக் கேக்காம வளவில ஒரு தேங்காய் எடுக்கல்ல."

மிஞ்சின ஆணியைப் பொறுக்கி அவர்ர கையில குடுத்தன்.

பொழுதுபட அம்மா வந்து பின்வீட்டில தேத்தண்ணி ஊத்தித் தந்தா. நடந்ததைச் சொன்னன்.

"நானே அந்தக் குசினிக்குப் போறண்டா ஒரு குரல் குடுத்துட்டுத்தான் மனே போறன். அவங்க குடும்பம் நடத்துற வீடு."

அந்தக் குசினிக்குச் சீமெந்து குழைச்சதே அம்மாதான்.

"அப்ப எனக்கு வீடு எதும்மா?"

"உனக்குத்தான் செங்கலடியில வீடு இருக்கே!" எண்டு சிரிச்சா.

தையில எனக்குக் கலியாணம். பொம்பிள வீடு செங்கலடி. ஒரு தரம் போய் ஹோல்ல இருந்து கேக் திண்டதோட சரி.

உடனே பொம்பிளைக்குக் கோல் எடுத்தன்.

"அங்க நமக்கு எந்த ரூம்?"

"அண்ணாட ரூம்தான். பெயின்ட் அடிக்கிறாங்க. நீல நிறம் ஓகேதானே?"

(அவட அண்ணன் கட்டார்ல. வருசத்துக்கு ஒருக்கா லீவு.)

"அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல்ல... ஏன்?"

"முதல்ல அவருக்குச் சொல்லுங்க. மறுகா அவர்ர பேருக்கு முன்கதவுக்கு ஒரு திறப்பும் வெட்டி வைங்க. இல்லாட்டிக் குசினி யன்னலால வருவார்."

அவ திடுக்கிட்டுக் கேட்டா:

"அண்ணா எங்கட குசினி யன்னலால வாற கதை ஒங்களுக்கு ஆர் சொன்னது?"