இரண்டு நாடுகள் சமாதானம் ஆன நாள்

1978 ஜனவரியில் ஜவ்வாது மலைக்குப் போனேன். அப்போது வேலூரில் வரலாற்று ஆசிரியர். முந்தைய நவம்பரில்தான், சர்வாதிகாரத்திலிருந்து மீண்டு தேர்தல் கண்ட ஸ்பெயினும் போர்ச்சுகலும் நட்பு ஒப்பந்தம் போட்டிருந்தன. அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த என்னிடம், மலையிலிருந்து வந்து எங்கள் பள்ளியில் வேலைபார்த்த தனபால் சொன்னார்: "எங்க பக்கமும் ரெண்டு நாடு சமாதானம் ஆவுது சார். வந்து பாருங்க."

மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அடுத்தடுத்த இரண்டு நாடுகள் ஒரு புளியந்தோப்புக்காகப் பகைத்துக்கொண்டன. பரம்பரைத் தலைவர்கள் போக்குவரத்தையே நிறுத்திவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஜனங்கள் கைதூக்கிப் புதுத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் பேச்சே தொடங்கியது. (அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கே இருப்பதால் நாடுகளின் பெயரைச் சொல்லவில்லை.)

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வரை பேருந்து. பிறகு ஆறு மைல் நடை, வழியெல்லாம் பனிமூட்டம். தனபாலின் ஊரிலிருந்து குப்பம்மா எங்களோடு சேர்ந்துகொண்டார். பக்கத்து நாட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். ஏழு வருடமாகத் தாயைப் பார்க்கவில்லை.

"எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியுதோ இன்னாவோ சார்," என்றார். நான் ஸ்பெயின் கதையைச் சொல்ல, கேட்டுக்கொண்டே வேகமாக நடந்தார்.

எல்லை ஓடையில் தலைவர்கள் இருவரும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். இனி யாரும் யாரையும் மறிப்பதில்லை, பெண் கொடுத்து எடுக்கலாம், புளி ஆளுக்குப் பாதி. மேளம் முழங்கியது. குப்பம்மாவின் தம்பி தலைகுனிந்து வந்து நின்றான்.

"அம்மா வரலியாடா?"

"போன ஆடியில போய்ட்டுதுக்கா. சொல்லியனுப்ப வுடல."

குப்பம்மா அழவில்லை. "எங்க வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

தம்பி காட்டிய மண்மேட்டில் அதற்குள் புல் முளைத்திருந்தது. அந்த நாட்டின் புதுத் தலைவர் அங்கேயே வந்து விருந்துக்கு அழைத்தார். "நீங்க நல்லவருதாங்க. போன ஆடிக்கு முன்னாடி வந்திருக்கணும்," என்றார் குப்பம்மா. தலைவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் கிளம்பும்போது குப்பம்மா என்னைக் கேட்டார். "நீங்க சொன்ன அந்த ரெண்டு நாட்டுலயும் இப்பிடி யாராச்சும் இருந்திருப்பாங்களா சார்?"

இருந்திருப்பார்கள் என்றேன். படித்த செய்திகளில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தம்பி வீட்டில் இருந்து துக்கம் காத்துவிட்டு வருவதாகச் சொல்லி, குப்பம்மா அங்கேயே தங்கிவிட்டார்.

அந்த மலைக்குப் போகிறவர்கள் ஜனவரியில் போங்கள், கம்பளி அவசியம். கடைசிப் பேருந்தை நம்ப வேண்டாம். இப்போது ஓடையைத் தாண்டி ஜீப் போகிறது. சென்ற முறை ஓட்டுநரிடம் எல்லை எங்கே என்று கேட்டேன். "இன்னா எல்லை சார்?" என்றார்.