முனுசாமி ஊத மறுத்த திங்கட்கிழமை

டிரஸர் வேலையில் மருந்து கலக்குவது பாதி, பொய்யைப் பிரித்தெடுப்பது மீதி. மலாய் மண்ணில் மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த புதிதில் காஜா பேராங் சாலையில் ஒரு கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளாக இருந்தேன். என்னைத் தாண்டித்தான் யாரும் டாக்டரிடம் போக முடியும். லீவு சீட்டுக்காக வரும் தலைவலிகளையும் இடுப்புவலிகளையும் கேட்டுக் காது புளித்தவர்களே, நீங்களாவது என்னைப் புரிந்துகொள்வீர்கள்.

திங்கட்கிழமைச் சோதனை

ஞாயிறன்று கள்ளுக்கடையில் கூட்டம் என்றால் திங்களன்று எங்கள் பெஞ்சில் இடம் இருக்காது. அதற்காக நானே ஒரு சோதனை வைத்திருந்தேன். எந்த நோயைச் சொன்னாலும் முகத்துக்கு நேரே குனிந்து, "ஊதுங்க" என்பேன். வாடை வந்தால் மருந்து மட்டும், சீட்டு கிடையாது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு என்மேலேயே தனி மரியாதை.

ரோடு போடும் செல்லப்பன் ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஊதினார். வாடை என்னை இரண்டடி பின்னால் தள்ளியது. அவர் அசரவில்லை. "டிரஸர், கள்ளு குடிச்சது நேத்து, இடுப்பு பிடிச்சது இன்னிக்கு. ரெண்டுக்கும் ஏன் முடிச்சுப் போடுறீங்க?"

ஒளிந்துகொள்ளும் நோய்

முனுசாமி வேறு ரகம். மெத்தைக் கடையில் இலவம்பஞ்சு அடைப்பவர். விடியற்காலையில் இருமல், நெஞ்சில் இறுக்கம், மூச்சில் விசில் சத்தம் என்பார். செமாபோக்கிலிருந்து சைக்கிள் மிதித்துப் பத்து மணிக்கு வந்து நிற்கும்போது ஆள் நன்றாகத்தான் இருப்பார். குழாய் வைத்துக் கேட்டால் ஒன்றும் இல்லை. கள் வாடையும் இல்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

"விசில் எங்கேய்யா?" என்று கேட்டேன்.

"இங்க வந்தா அது ஒளிஞ்சுக்குது, டிரஸர். கடையில வந்து கேளுங்க."

வேவு

போனேன். நோயைக் கேட்க அல்ல, ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க. கடைக்குள் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. முனுசாமி முழங்கால்களில் கையை ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கே தொண்டை அரித்தது. இரண்டு தடவை இருமிவிட்டு, வேலை நேரத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என்றுதான் நினைத்தேன்.

சீன முதலாளி, "மாலாஸ்" என்றார். சோம்பேறியாம். நானும் தலையாட்டினேன். இனி சீட்டு இல்லாமல் ஒருநாள் நின்றாலும் வேலை போய்விடும் என்பதை முனுசாமிக்குக் கேட்கும்படி மலாயில் சொன்னார்: "சூராட் தடா, கெர்ஜா தடா."

ஊத மறுத்தவர்

அடுத்த திங்களன்று முனுசாமியை அவர் மனைவி லெட்சுமி பெச்சா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் அழைத்து வந்தார். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினார். ஆனால் விசில் சத்தம் துளியும் இல்லை. நடிப்பு என்று முடிவு கட்டினேன்.

"ஊதுங்க."

தலையை ஆட்டினார். மறுபடி சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாட்டிக்கொண்டார் என்று எனக்குள் ஒரே சந்தோஷம். பெஞ்சின் கடைசியில் உட்காரச் சொன்னேன்.

தற்செயலாக வெளியே வந்த டாக்டர் அவருடைய உதட்டு நிறத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனார். ஊசி போட்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "இது ஆஸ்துமா. மூச்சை வெளியே விட முடியாம தவிக்கிறவரைப் போய் ஊதச் சொல்லியிருக்கீங்க. விசில் நின்னுட்டா குணமாயிடுச்சுன்னு அர்த்தமில்ல, காத்தே ஓடலைன்னு அர்த்தம்."

வாசலில் நின்ற லெட்சுமியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெகுநேரம் கழித்து விசில் சத்தம் திரும்ப வந்தது, பிறகு மெல்ல அடங்கியது. சீட்டை எழுதி எடுத்துக்கொண்டு முனுசாமியின் முன்னால் போய் நின்றேன். அவர் அதை உடனே வாங்கவில்லை. "டிரஸர், இப்ப ஊதட்டுங்களா?"

முதலாளியின் கேள்வி

பஞ்சுக்குப் பக்கத்திலேயே அவரை விடக்கூடாது என்ற டாக்டரின் கடிதத்தையும் சீட்டையும் நானே கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் முனுசாமியை வாசல் பக்கம் உறை தைக்கும் வேலைக்கு மாற்ற ஒப்புக்கொண்டார். ஆனாலும் சந்தேகம் தீராமல் மலாயில் கேட்டார்: "அன்றைக்கு நீயும்தானே தலையாட்டினாய், இன்றைக்கு அவன் உனக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டானா?"

என்னுடைய ஊதல் சோதனையில் ஒரே ஒரு குறைதான், உண்மை சொன்ன ஆளை அது கொன்றுவிடப் பார்த்தது.