கம்பிகளுக்கு நடுவே ஒரு தேங்காய்

தர்மபுரியில் கம்ப்யூட்டரில் வீட்டு வரைபடம் போடுவது என் வேலை. காரிமங்கலத்து வீடொன்றின் மாடிக் கைப்பிடிக் கோட்டைத் தொட்டு, ‘டிவைட்’ கொடுத்து, பத்து என்று தட்டினேன். கோடு பத்துச் சம பாகமானது. பிரியும் இடமெல்லாம் ஒரு கம்பி. மாலை வெயிலில் அந்த ஒரே அளவு இடைவெளிகளைப் பாட்டுக் கேட்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் என்று பார்க்கவே இல்லை.

சில நாளில் வெல்டர் போன் செய்தார்.

“மேடம், கம்பிய சும்மா நிறுத்திவச்சு நடுவுல ஒரு தேங்காய வுட்டுப் பாத்தேங்க. அந்தாண்ட போய் வுழுந்துடுச்சு. இந்த வூட்டுல தவழுற கொழந்த இருக்குதுங்க.”

போனை வைத்ததும் அந்த வரைபடத்தைத் திறந்தேன். பத்தைப் பதினாறாக்கி அனுப்பினேன். தவறு என்னுடையது என்று அவர் அந்த வீட்டாரிடம் சொல்லவே இல்லை.

இப்போதும் டிவைட் கொடுத்ததும், திரையில் எங்கிருந்தோ ஒரு தேங்காய் உருண்டு வருகிறது. அது கம்பிகளில் முட்டி நின்ற பிறகுதான் வரைபடத்தை அனுப்புகிறேன்.