'மைண்ட்' பண்ணின கதை

மாமல்லபுரத்தில் கற்சிலை விற்பதற்குக் கல்லைப் பற்றித் தெரிய வேண்டாம், இங்கிலீஷ் தெரிந்தால் போதும் என்பார்கள். கான்வென்ட் இங்கிலீஷை நம்பிக் கடையில் நிற்கிற சகோதரிகளே, நீங்களும் பட்டிருப்பீர்கள். செங்கல்பட்டு வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கைக்குழந்தையோடுதான் பஸ் ஏறுகிறேன். முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்: "கஸ்டமரு யாருனா கொழந்தைய மைண்ட் பண்ணா, மறுநாள் நீ வராத."

யெஸ், யெஸ்

ஒரு ஹிப்பிப் பெண் நந்தியை விலை பேசி முடித்துவிட்டு என் மகனிடம் கை நீட்டினாள். "டூ யூ மைண்ட் இஃப் ஐ ஹோல்ட் ஹிம்?" தாராளமாகத் தூக்கட்டும் என்று, "யெஸ், யெஸ்" என்றேன். நீட்டிய கை சட்டென்று சுருங்கியது. ஆட்சேபம் உண்டா என்று கேட்டிருக்கிறாள். உண்டு, உண்டு என்று நான் சொல்லியிருக்கிறேன். நந்தியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். முதலாளி சொன்னார்: "இன்னொரு வாட்டி கொழந்தையால யாவாரம் போச்சி, அவ்ளோதான். கான்வென்ட்ல இன்னாம்மா படிச்ச நீ?"

அகராதி

அவமானம் தாளாமல் அகராதியைப் புரட்டினேன். 'மைண்ட்'டுக்கு ஆதியில் நினைவு என்று அர்த்தமாம். நம் 'மனசு'க்கு ஒன்றுவிட்ட உறவு. நினைவில் வைப்பது கவனிப்பதாகி, கவனிப்பது பார்த்துக்கொள்வதாகி, இன்னொரு பக்கம் பிடிக்காமல் முகம் சுளிப்பதாகவும் ஆகிவிட்டதாம். சிலைக்குப் பாலிஷ் போடும் கன்னியம்மாவிடம் பெருமையாக இதைச் சொன்னேன். "கொழந்தைய பாத்துக்கறதும் அத்தான், கொழந்த வேணான்றதும் அத்தானா? பேஜாரு புடிச்ச பாஷை போலகீதே!"

யாருடைய குழந்தை

மறு வாரம் ஒரு பஸ் நிறைய வெள்ளைக்காரர்கள். கடை நிரம்பிய நேரத்தில் மகன் வீறிட்டான். முதலாளி என்னையே பார்த்தார். ஒரு வயதானவர் நெருங்கி வந்து, "ஐ வில் மைண்ட் த பேபி" என்றார். படித்த அகராதியெல்லாம் எங்கே போயிற்றோ! முதலாளி முதல் நாள் சொன்ன அதே 'மைண்ட்'தான் காதில் விழுந்தது; வேலை போயிற்று என்றே நினைத்தேன். "என் குழந்தை இல்லை சார், பாலிஷ் போடுகிறவளுடையது" என்று பிழையில்லாத இங்கிலீஷில் சொன்னேன். கல்தூசி பறக்கிற பின்கொட்டகையில், கன்னியம்மா மடியில் அவனைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். என் புடவையைப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அவர் அங்கேயே நின்றிருந்தார். இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்: "அவன் அம்மாவிடம் சொல்லுங்கள், அவள் வேலை முடியும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னேன்."

வேலை நிலைத்துவிட்டது, மகனும் கூடவே வருகிறான்; இப்போதெல்லாம் எந்த வாடிக்கையாளர் அவனைத் திரும்பிப் பார்த்தாலும், அவர் வாய் திறக்குமுன்பே "என்னுது" என்று தமிழில் கத்திவிடுகிறேன்.