லியோனல் சார் சம்பந்திகளைச் சேர்த்து வைத்த விதம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் இயற்பியல் டியூஷன் நடத்துகிற லியோனல் சாரிடம் எதற்கும் ஒரு பாடம் தயாராக இருக்கும். அந்தப் பாடத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது.

அவருடைய வகுப்பில் பிள்ளைகளுக்குப் பிடித்த கட்டம் மின்தேக்கிப் பாடம். ஒரே அளவுள்ள இரண்டு மின்தேக்கிகளை எடுத்து, ஒன்றில் மட்டும் மின்னூட்டம் ஏற்றி, மற்றதோடு கம்பியால் தொடுவார். 'டப்'பென்று பொறி பறக்கும். முன்வரிசை நாற்காலிகள் தாமாகப் பின்னால் நகரும்.

"சார்ஜ் மொத்தமும் அப்படியே இருக்கு. ரெண்டும் பாதிப் பாதி எடுத்துக்கிச்சு. ஆனா எனர்ஜியில பாதியைக் காணோம். எங்க போச்சு?"

"சூடா போச்சு சார்."

"நடுவுல ஒரு ரெசிஸ்டர் வெச்சா சூட்டைக் குறைக்கலாமா?"

"குறைக்கலாம் சார்."

"முடியாதுலா. மெதுவா சூடாகும், அவ்வளவுதான். போறது போயே தீரும்."

இப்படிச் சொல்லிக்கொடுத்த மனிதருக்குத்தான் கல்யாணம் நிச்சயமாகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் கத்தோலிக்கர். பெண் ஷார்மைன், கிள்ளானில் மெதடிஸ்ட் குடும்பம். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை. சங்கடமெல்லாம் அப்பாக்களுக்கு.

லியோனலின் அப்பா பேசில், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே மகனின் கல்யாண விருந்தில் மண்டபமே எழுந்து நின்று, பீர் கிளாஸைத் தூக்கி, மூச்சு உள்ளவரை 'யாம்செங்' என்று கத்த வேண்டும் என்பது அவர் ஆசை. சீனர் விருந்தில் பிறந்த வழக்கமாக இருந்தால் என்ன, அது இல்லாத விருந்து அவருக்கு விருந்தே இல்லை. ஷார்மைனின் அப்பா ராஜன், ஆலயப் பாடகர் குழுவை நடத்துகிறவர். போத்தல் இருக்கிற மண்டபத்தில் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்பா கையைப் பிடித்து மண்டபத்துக்குள் நடக்காமல் தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றாள் ஷார்மைன்.

இரண்டு பெரியவர்களும் நேரில் சந்தித்தால் வெடித்துவிடும் என்று லியோனல் பயந்தார். அதனால் சுங்கை வேயில் இருக்கும் சித்தி வலேரியை நடுவில் போட்டார். அவரைப்போல மென்மையாகப் பேச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. "அந்த ஆளுக்கு என்ன அவ்வளவு திமிரு" என்று பேசில் சொன்னது, "மிஸ்டர் பேசில் கொஞ்சம் யோசிக்கிறாரு" என்று கிள்ளானுக்குப் போனது. ராஜன் கொதித்தது, "அவங்களுக்கும் வருத்தம் இருக்கு" என்று திரும்பி வந்தது. இரண்டு பக்கமும் எதிராளி நழுவுகிறான் என்றே நினைத்தது. மாதங்கள் ஓடின. கடைசியில் சித்திக்கு ரத்த அழுத்தம் வந்தது.

"ரெண்டு பக்கத்துச் சூடும் என் தலையிலதான்டா இறங்குது" என்று அழாத குறையாகச் சொன்னார்.

அதைக் கேட்ட ஷார்மைன், தே தாரேக் டீயைத் தள்ளி வைத்துவிட்டு லியோனலைப் பார்த்தாள். "ரெசிஸ்டர் வெச்சா சூடு குறையும்னா உன் கிளாஸ்ல சொல்லிக் குடுக்குற?"

அவள் தள்ளிய கிளாஸை லியோனல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்புறம் எதுக்குச் சித்தியைப் போட்டு வறுக்குற? வர்ற சண்டை ஒரே நாள்ல வரட்டும்."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கிள்ளானில் ராஜன் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். வணக்கம் சொன்ன கையோடு ஆரம்பித்துவிட்டது.

"ஆண்டவரே கானாவூர்க் கல்யாணத்துல தண்ணியைத் திராட்சரசம் ஆக்கினாரு. உங்களுக்கு மட்டும் ஆகாதா?" என்றார் பேசில்.

"நான் கானாவூர்ல இல்ல மிஸ்டர் பேசில். கிள்ளான்ல இருக்கேன்."

பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. பேசில் எழுந்து நின்றார். ராஜனும் எழுந்தார். கல்யாணம் இத்தோடு முடிந்தது என்று லியோனல் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் தம்பி குடிச்சே செத்தான்" என்றார் ராஜன். "அவனைத் தூக்கிட்டுப் போனவன் நான். போத்தல் தெறக்குற சத்தம் கேட்டா எனக்குச் சாப்பாடு இறங்காது."

பேசில் மெதுவாக உட்கார்ந்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. இந்த அம்மாகிட்ட."

எல்லாரும் வலேரியைப் பார்த்தார்கள். "துக்கமான விஷயம். கல்யாணப் பேச்சுல எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார் அவர்.

பேசில் நாற்காலியை ராஜன் பக்கம் இழுத்துப் போட்டார். "எனக்குப் பீர் முக்கியமில்ல. என் வீட்டுக்காரி இருந்திருந்தா அவதான் முதல்ல கத்தியிருப்பா. எனக்கு அந்தச் சத்தம்தான் வேணும்."

ராஜன் உள்ளே போய், மேசையில் விருந்தாளிகளுக்காகக் கலக்கி வைத்திருந்த ரோஸ் சிராப்பில் இரண்டு கிளாஸ் எடுத்து வந்தார். "இதை வெச்சுக் கத்தலாமா?"

"உள்ள என்ன இருக்குன்னு தொண்டைக்கு எப்படித் தெரியும்" என்றார் பேசில்.

இருவரும் கிளாஸைத் தூக்கினார்கள். 'யாஆஆம்' என்று தொடங்கிய பேசிலுக்குப் பாதியில் மூச்சு முட்டியது. பாடகர் குழுவின் அடித்தொண்டைக்காரரான ராஜன் நிறுத்தவில்லை. நாய் வாயை மூடிக்கொண்டது. எதிர்வீட்டுச் சீன அங்கிள் கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். ராஜன் ஒருவழியாக 'செங்' என்று முடித்தபோது பேசிலின் கன்னம் நனைந்திருந்தது.

அவர் துடைத்துக்கொள்ளாமல் கிளாஸை மறுபடி நீட்டினார். "இன்னொரு தடவை, சம்பந்தி. இந்த வாட்டி நான் மூச்சை இழுத்துக்கிறேன்."