கையில் அகப்படாத இரண்டாவது இயந்திரம்

கணினி படிக்க, ஆபீசில் என்னோடு வேலை பார்த்த பெண்ணைக் கோலாலம்பூருக்கு இரண்டு வாரம் அனுப்பினார்கள். என்னை அனுப்பவில்லை. எங்கள் தோட்ட ஆபீசில் நான் அவளுக்கு நான்கு வருடம் மூத்தவள். கோல சிலாங்கூரில் ஒரே பள்ளியில்தான் இருவரும் ஐந்தாம் படிவம் முடித்தோம்; மதிப்பெண் எனக்குத்தான் கூட. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் குளிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பொறுப்பில் இருந்தது சாமான் புத்தகம். நாற்காலி, அலமாரி, தராசு, தண்ணீர்ப் பம்பு என்று தோட்டத்துக்குச் சொந்தமான ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அதைச் சிவப்புச் சாயத்தில் எழுதுவது நான். வருடத்துக்கு ஒரு தடவை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டம் முழுக்க நடப்பேன். பொருளைக் கையால் தொட்ட பிறகே ‘சரி’ போடவேண்டும். தொட முடியவில்லையென்றால் சிவப்புக் கோடு. கோடு விழுந்தவற்றின் பட்டியல் கோலாலம்பூர்த் தலைமை ஆபீசுக்குப் போகும். அங்கும் அவற்றை நீக்கிவிடுவார்கள். அந்த விதியில் எனக்கு ரொம்பப் பெருமை.

அவள் திரும்பி வந்ததும் ஒரு திரையும் தட்டச்சுப் பலகையும் வந்தன. அவள் மேசையில்தான் வைத்தார்கள். கூடவே ஒரு மின்விசிறி. அந்தச் சாமானுக்குச் சூடு ஆகாதாம். எனக்கு மட்டும் ஆகுமா?

“இது வெறும் திரைதாங்கா. மெஷின் இங்க இல்ல,” என்றாள். “கே.எல்.ல ஒன்னே ஒன்னு பெருசா இருக்கு. அதுக்குள்ளயே பிரிச்சி ஆளுக்கொரு மெஷினா குடுப்பாங்க. நம்ம லயம் மாதிரிதான்லா. ஒரே கூரை, ஆனா வீட்டுக்கு வீடு தனி நம்பர், தனிக் கதவு.”

லயத்து வரிசை வீடு ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். சொன்ன மாத்திரத்தில் புரிந்துவிட்டது. “எனக்கு ஒன்னும் வெளங்கல,” என்றேன்.

அப்புறம் அவள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் சாமான் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். எதற்கென்று கேட்டேன். “சும்மாதாங்கா, கை பழகட்டும்னு,” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. புத்தகம் முழுவதும் திரைக்குள் போய்விட்டால் புத்தகக்காரி எதற்கு? என் வேலைக்கு உலை வைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அந்த வருடக் கணக்கெடுப்புக்குத் தலைமை ஆபீஸ் அனுப்பிய பட்டியலில் எங்கள் பெயருக்கு நேராக ‘கணினி இயந்திரம், இரண்டு’ என்று இருந்தது. அன்று அவள் விடுப்பு. தஞ்சோங் காராங்கில் அவள் சொந்தக்காரர் வீட்டில் ஏதோ விசேஷம். நான் திரையைத் தொட்டேன். முதல் இயந்திரம், சரி. அதன் முதுகில் பட்டையாக எண்ணும் எழுதினேன். இரண்டாவதைத் தொட ஒன்றுமில்லை. அது இல்லாமல் இல்லை, கோலாலம்பூரில் அந்தப் பெரிய இயந்திரத்துக்குள் இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். முதலாவதும் அங்கேதான் இருந்தது. அவள் வந்த பிறகு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடிமட்டம் வைத்து, கோணாமல், சிவப்புக் கோடு போட்டேன். ‘பொருள் காணப்படவில்லை’ என்று எழுதினேன். ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். எனக்கு அன்று நல்ல பசி.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், அவள் திரும்பத் திரும்ப எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தலைமை ஆபீசுக்குத் தொலைபேசியில் பேசினாள். பேசி முடித்து என் மேசைக்கு வந்தபோது கண் கலங்கியிருந்தது.

“ரெண்டாவது மெஷின எடுத்துட்டாங்கக்கா. கலும்பாங் பக்கம் வேற தோட்டத்துக்குக் குடுத்துட்டாங்களாம். திருப்பித் தரமாட்டாங்களாம்.”

“ஒனக்குத்தான் ஒன்னு இருக்குல்ல?”

“அந்த ரெண்டாவது ஒங்களுக்குக்கா. கோர்ஸ் முடிஞ்ச அன்னிக்கே ஒங்களுக்குன்னு கேட்டு வாங்கினேன். ஒங்க புத்தகம் முழுசும் அதுலதான் தட்டி வச்சிருந்தேன். நீங்க வந்து ஒக்காந்தா வேல தயாரா இருக்கணும்னு. முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அங்க எவனோ பைத்தியக்காரன் கண்ண மூடிக்கிட்டு வெட்டிட்டான்.”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“ஆமா, பைத்தியக்காரன்தான்,” என்றேன்.

“நீங்க கவலப்படாதீங்கக்கா. அடுத்த வருஷம் மறுபடி கேப்போம்,” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். வெட்கத்தில் செத்துப் போயிருக்க வேண்டியவள் நான். ஆனால் உங்களிடமாவது பொய் சொல்ல மனம் வரவில்லை: அந்த நிமிடமும் எனக்கு அவள் மேல் பொறாமையாகத்தான் இருந்தது. எனக்காக ஒன்றைக் கேட்டு வாங்க அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவளுக்காக எதையும் கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.