குதிருக்குள்ளிருந்து நீண்ட கை

என் வலது உள்ளங்கையில் நான்கு நகத் தழும்புகள் இருக்கின்றன. கதை விடுகிறேன் என்பவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

தெனோச்தித்லான் நகரம் ஒரு பொறி நெருப்புகூட இல்லாமல் இருண்டு கிடந்த இரவு அது. ஐம்பத்திரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மெஷிக்கா மக்கள் நாங்கள் அடுப்பு முதல் கோயில்வரை எல்லா நெருப்பையும் அணைத்துவிடுவோம். கார்த்திகை மீன்கள் உச்சிவானத்தைத் தொட்டதும், எதிரே குன்றின் மேல் பூசாரிகள் புது நெருப்பு கடைவார்கள். பற்றினால் உலகம் பிழைத்தது. பற்றாவிட்டால் சூரியன் இனி வராது. வானத்துப் பேய்கள் இறங்கும். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் மிருகமாக மாறி மனிதரைத் தின்பார்கள்.

என் மனைவி ஷோகோவுக்கு அப்போது ஒன்பதாம் மாதம்.

பொழுது சாய்ந்ததும் வழக்கப்படி அவள் முகத்தில் கற்றாழை மடல் முகமூடியைக் கட்டி, மக்காச்சோளக் குதிருக்குள் விட்டு வெளியே தாழிட்டோம். அவள் அண்ணன் மத்லல் கண்ணாடிக்கல் பற்கள் பதித்த தடியை என் கையில் திணித்தார்.

“நெருப்புப் பத்தலைன்னா இதுக்கு வேலை இருக்கு, மாப்ளே.”

“அவ உங்க தங்கச்சி, மச்சான்.”

“அதான் உன்கிட்ட குடுக்கறேன். என்னால ஆகாது.” குன்றைப் பார்க்கக் கூரைக்கு ஏறப் போனவர் நின்றார். “உள்ளே இருக்கறவகிட்ட பேசாதே. தொடாதே. தூங்கற சின்னப் பசங்க எலியாயிடுவாங்களாம், நீயும் தூங்கிடாதே. மூஞ்சி ஏற்கெனவே பாதி அப்படித்தான் இருக்கு.”

கார்த்திகை மீன்கள் உச்சிக்கு மூன்று சாண் கீழே.

பலகை இடுக்கில் சரசரப்பு. ஒரு கை வெளியே நீண்டது. தொடக்கூடாதுதான். ஆனால் அவள் என் ஷோகோ. பிடித்துக்கொண்டேன்.

“பயப்படாதே” என்றேன்.

முகமூடிக்குள்ளிருந்து எப்படிப் பேசுவாள்? கை சில்லிட்டிருந்தது. பயந்தால் சில்லிடத்தானே செய்யும்?

இரண்டு சாண்.

அவள் சுண்டுவிரலில் ரொட்டிக்கல் சுட்ட தழும்பு உண்டு. தடவினேன். தட்டுப்படவில்லை. இருட்டில் விரல் மாறியிருக்கும்...

குதிரின் மறுகோடியில் சத்தம். கீச்... கீச்...

எலி. எந்த வீட்டுப் பிள்ளை தூங்கிற்றோ என்று சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

ஒரு சாண்.

நகங்கள் என் உள்ளங்கையில் குத்தின. மாலையில் அவளுக்கு இவ்வளவு நகம் இல்லை. விரல்களை எண்ணப் போய்... நிறுத்திக்கொண்டேன்.

என் கை மரத்துப்போயிற்று. உதறுவதற்காக விட்டேன். மூன்று மூச்சு நேரம்தான்.

உள்ளே சோளக் கதிர்கள் சரிந்தன. சடசட...

எலிச் சத்தம் நின்றது.

அவசரமாகக் கையை நீட்டினேன். கொஞ்சம் பொறுத்துத்தான் அது வந்து பிடித்தது. இறுக்கமாக.

உச்சிவானம்.

இருட்டு...

இருட்டு...

குன்றின் மேல் ஒரு பொறி.

கூரைகளெல்லாம் அலறின. என் கைக்குள் இருந்த கை... இல்லை. ரத்தம்தான் இருந்தது.

தாழை நீக்கினேன். ஷோகோ மறுகோடியில், குவியலுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தாள். முகமூடியைக் கழற்றினேன்.

“யாரை உள்ளே விட்டீங்க?”

“யாரையும் விடலையே.”

“பலகையோரமா எனக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்துச்சு. கை மட்டும் வெளியே. உங்களைக் கூப்பிடத்தான் பார்த்தேன். கீச்சுக் குரல்தான் வந்துச்சு.”

“அந்தக் கையை... நான்தான் பிடிச்சிருந்தேன்.”

என்னையே பார்த்தாள். “ராத்திரி பூராவுமா?”

“நடுவுல ஒரு தடவை விட்டேன்.”

“தெரியும். அப்பத்தான் என் பக்கம் திரும்புச்சு.” வயிற்றைப் பொத்திக்கொண்டாள். “இங்க தொட்டுச்சு.”

பதினேழாம் நாள் மகள் பிறந்தாள். ஒரு குறையும் இல்லை. இப்போது நான்கு வயது. தூங்கும்போது மட்டும் வலது கையைச் சுவர்ப்பக்கம் நீட்டி விரல்களை மடக்கிக்கொள்கிறாள். சுவருக்கு அப்பால் குதிர்.

இன்று அந்த விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். சில்லிட்டிருந்தன. உள்ளங்கையில் நான்கு நகத் தடங்கள்.

ஈரமாக.

அவளுடைய இடது கையை நான் பிடித்திருக்கிறேன். என் கை மரத்துப்போகிறது...

விடமாட்டேன்.